ஆறாவது வேலை

பழைய கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் எழுதினேன்.
குசினிப் பைப் ஒழுகுது.
பாத்ரூம் கொண்டி பிடிக்குதில்லை.
அறை ஃபேன் இரண்டில் சுத்தாது,
ஒன்றிலும் மூன்றிலும் மட்டும்.
பல்கனிக் கதவு அடியில் ஊதி நிற்குது.
ஜன்னல் பிணைச்சல்: உப்புக்காற்று.
பேனையை மூடி,
திரும்பத் திறந்து,
முன்கதவுப் பூட்டு, என்று எழுதினேன்.
அதற்கு என்ன வருத்தம் என்று எழுதவில்லை.

ஜல்தீன் பாஸின் நம்பரைத் தந்தது
கீழ்வீட்டுப் பத்மாசனி அக்கா.
"நல்ல வேலைகாரன். வந்தால்."

"நாளைக்கு வாரேன் மிஸ்."
முதலாவது நாளைக்கு மழை.
இரண்டாவது நாளைக்கு
மச்சானின் வீட்டுக் கூரை, கொலன்னாவையில்.
மூன்றாவது நாளைக்கு போயா.
நாலாவது, ஒரு சனிக்கிழமை, விடிய ஏழரைக்கு
காலிங் பெல் அடித்தது.
இந்த வீட்டில் பழுதில்லாதது அது ஒன்றுதான்.

கொம்பனித்தெரு ஆள்.
ஃபோனில் தாயோடு மலாய்,
கூட வந்த பொடியனோடு சிங்களம்,
என்னோடு தமிழ்.
துருப்பிடித்த ஸ்குரூவோடு
மூன்றும் கலந்த ஏச்சு.

வத்தகப்பழம் வாங்குகிறவர் போல
பைப்பை விரலால் தட்டிக் கேட்டார்.
கழற்றினார். உள்ளே இருந்ததை
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.
"இத முந்திச் செஞ்சது யாரு மிஸ்?"

எல்லாப் பாஸ்மாரும் கேட்பதுதான்.
முந்திச் செய்தவன் எப்போதும் மடையன்.
நான் சொல்லவில்லை,
வாஷருக்குப் பதிலாக
சைக்கிள் ட்யூப் வெட்டிப் போட்டு,
என் துவாயில் கை துடைத்துக்கொண்டு
"பத்து வருசத்துக்கு அசையாது" என்றவரை.
நாலு வருசம் அசையவில்லை.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பத்தேகாலுக்குப் பாணந்துறை ரயில் போனது.
வழக்கம்போல் ஜன்னல்கள் நடுங்கின,
பிணைச்சல் மாற்றின ஒன்றைத் தவிர.
நானும் பொடியனும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தோம்.

பழைய சோனகத் தெருவுக்கு
அவனை ஸ்கூட்டியில் அனுப்ப முன்னம் கேட்டார்:
"பூட்டு எப்பிடி மிஸ், சைனாவா, நல்லதா?"
"நல்லது."
"இதுவும் நல்லாத்தானே ஈக்குது."
சாவியைப் போட்டுத் திருப்பினார்.
எண்ணெய் விட்டது போல் திறந்தது.
மூடித் திரும்பவும் திறந்தார்.
பிறகு கதவுக்குப் பின்னால்,
செருப்புத் தட்டு நின்ற இடத்தில்
தரை மட்டும் நிறம் மங்காமல்
நீளச் சதுரமாய்க் கிடப்பதைப் பார்த்தார்.
பொடியனிடம் சிங்களத்தில்
"நல்லதிலயே நல்லத எடு" என்றார்.

பிளேன்ரீக்கு மூன்று கரண்டி சீனி.
சிகரெட் பெட்டியைப் பிரித்து
உள்பக்கத்தில் கணக்கு.
பைப்புக்குப் பேரம் பேசினேன்.
ஃபேனுக்கும் பேசினேன்.
பூட்டுக்குக் கூலி கூடத்தான் போட்டிருந்தார்,
அதற்குப் பேசவில்லை.

கம்பி வளையத்தில் மூன்று சாவி.
"ஒண்டு மிஸ்ஸுக்கு.
ஒண்டு கீழ்வீட்டு அக்காக்கிட்டக் குடுத்து வைங்க,
இந்தக் கொழும்பில சாவி தொலையாத ஆள் இல்ல."
"மற்றது?"
ஆணிகளைப் பொறுக்கிப் போத்தலில் போட்டுக்கொண்டிருந்தார்.
"அது சும்மா கெடக்கட்டும் மிஸ்."

இரவு எழும்பி
உள்ளிருந்து பூட்டிப் பார்த்தேன்.
புதுசு, கொஞ்சம் முரண்டு.
திறந்து திரும்பப் பூட்டினேன்.
எதிர்வீட்டு நாய் ஒருமுறை குரைத்துவிட்டு விட்டது.

பழைய பூட்டை ஞாயிற்றுப் பேப்பரில் சுற்றி
ஃப்ரிட்ஜுக்கு மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்,
பித்தளை, நிறுத்தால் காசு வருமாம்.
அதன் மற்றச் சாவி
நுகேகொடையில் ஏதோ ஒரு காற்சட்டைப் பையில்
சில்லறையோடு கிலுங்கிக்கொண்டிருக்கும்.

ஃபேன் இப்போது இரண்டில் சுத்துகிறது.
மூன்றில் சுத்தாது.
திங்கட்கிழமை கந்தோரிலிருந்து எடுத்துச் சொன்னேன்.
பின்னால் யாரோ சுவர் உடைக்கிற சத்தம்.
"நாளைக்கு வாரேன் மிஸ்."