ஏழாவது பெயர்

பட்டியலில் ஏழாவது பெயர் மோனிஷா.
முப்பத்தி நாலு வாரம், முதல் பிரசவம்.
வீடியோ பொத்தானை அழுத்துகிறேன்.
திரையில் வருவது ஒரு மீசை.

தோளுக்குப் பக்கத்து ஜன்னலில்
கன்டெய்னர்கள், கன்டெய்னர்கள்.
எண்ணூர் நெடுஞ்சாலை நின்றபடியே தூங்குகிறது.
"போன் எங்கிட்ட கீது மேடம். அவ வூட்ல கீறா.
நேத்து ராத்திரிலேர்ந்து ஹார்பர் லைன்ல நிக்கிறேன்."

பதினெட்டு வருடமாக
உள்ளங்கையால் வயிறு படிப்பவள் நான்.
தலை எங்கே, முதுகு எந்தப் பக்கம்,
கைக்குத் தெரிந்த பிறகுதான் எனக்கே தெரியும்.
இப்போது ஒரு டேப்லெட்.
தொட்டால் கண்ணாடி வழுக்குகிறது.

தலைவலி உண்டா?
"சொல்லல மேடம்."
கண் மங்குதா?
"தெரீல மேடம்."
கால் வீக்கம்?
யோசித்தார். எவனோ ஹாரன் அடித்தான்.
"வீக்கம்லாம் பாக்கல.
போன வாரம் கொலுசக் கயட்டி வெச்சிட்டா.
எம்மேல கோவம்னு நெனச்சேன்."

என் நாற்காலி சுட்டது.

பக்கத்து வீட்டில் யாரிடம் போன்?
மாவு அரைத்து விற்கும் ஜரீனாவிடம்.
மூன்றாவது முறைதான் எடுத்தாள்.
கேமராவில் ஒரு மாவுப் பொட்டு,
அதற்குப் பின்னாலிருந்து மெதுவாக
மோனிஷாவின் கால் வந்தது.

"ஜரீனா, உன் கட்டைவிரலைக் கொஞ்சம் எனக்குக் கொடு.
கணுக்காலுக்கு நாலு விரல் மேலே, எலும்பின் மேல்.
அழுத்து. அஞ்சு எண்ணுறேன்.
எடு."

எடுத்தாள்.
பள்ளம் விழுந்தது.
படம் நின்றது.

நிரம்பாதது காலா, நெட்வொர்க்கா?
சுற்றும் வட்டத்தைப் பார்த்தபடி
பன்னிரண்டு, பதின்மூன்று என்று
எண்ணிக்கொண்டிருந்தேன்.
படத்துக்கு முன்னால் குரல் வந்தது:
"இன்னும் குயியாவே கீதுக்கா."

நூற்றெட்டுக்குச் சொன்னேன்.
கொருக்குப்பேட்டை கேட் போட்டிருந்தார்கள்.
ஆம்புலன்ஸ் இந்தப் பக்கம்,
மாவு பாக்கெட் ஏற்றும் லோடு ஆட்டோவில்
அவள் அந்தப் பக்கம்.
டேப்லெட்டை மேசையில் போட்டுவிட்டு
பிரஷர் கருவியைக் கக்கத்தில் இடுக்கி நடந்தேன்.

நடுவில் கூட்ஸ் வண்டி. அவசரமே இல்லாத வண்டி.
ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் இடையே
அவள் தெரிந்தாள், மறைந்தாள், தெரிந்தாள்,
குரல் இல்லாமல்.
மறுபடியும் அதே படம்தான்.
ஆனால் இந்தத் தடவை
கடைசிப் பெட்டி என்று ஒன்று இருந்தது.

கை வைத்தேன்.
தலை கீழே, முதுகு இடப்பக்கம்.
நூற்றறுபதுக்கு நூற்றுப்பத்து.
அவளுக்குச் சொன்னது தலையும் முதுகும் மட்டும்.

ஆர்.எஸ்.ஆர்.எம். வாசலில் என் செல் அடித்தது.
"மேடம், லைன் நவுருது. அவகிட்ட குடுக்குறீங்களா?"
ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே வாங்கிக்கொண்டாள்.
"கொலுசு அரிசி டப்பால கீது," என்றாள்,
"வித்துராத."

சாயந்திரம் ஆப் கேட்டது:
ஆலோசனை முறை?
வீடியோ என்று போட்டேன்.
வேறு கட்டமே இல்லை.