மாரியில் மூன்று கிற்றார்

தாண்டவன்வெளியில் கரண்ட் போன நேரம்
ஓஸ்மண்டின் கட்டிலில் மூன்று கிற்றார்.
கண்ணை மூடு, கம்பனியைச் சொல் என்றான்.
இருட்டிலும் கண்ணை மூடச் சொல்கிறவன்.

முதலாவது,
கழுவிக் கவிழ்த்த கிளாஸ்கள் மாதிரி
நரம்புக்கு நரம்பு தனித்தனி.
டெய்லர், என்றேன்.
டொரொன்டோ மைத்துனன் கொண்டுவந்தது. சரி.

இரண்டாவதற்கு அடிவயிறு இருந்தது.
ஈ மைனரை அடித்துக் கையை எடுத்த பிறகும்
ஒலி போகாமல் மெத்தையில் குந்தியிருந்தது.
மார்ட்டின். இதற்காகத்தான் மோட்டார் சைக்கிளை விற்றான்.
ஐப்பசி தொடங்கினால் வாவிக் காற்றைக் குடித்து
பலகை வீங்குகிறதாம்,
நரம்பு எழும்பி விரல் நோகிறதாம்.

மூன்றாவது முதலில் கேட்கவேயில்லை,
தகரத்தில் அவ்வளவு மழை.
பிறகு மழைக்குள்ளிருந்து வந்தது,
கொஞ்சம் மூக்கால்,
ஆனால் சுதி அசையவில்லை.
யார் செய்தது இது? எவ்வளவு யோசித்தும்
பெயர் வரவில்லை.

லைட் வந்தது.
ஒட்டுப்பலகை யமஹா.
போன வருடம் நான், சத்தம் சரியில்லை என்று,
இவனுக்குப் பதினெட்டாயிரத்துக்குத் தள்ளிவிட்டது.
என் பெல்ட் பட்ட கீறல் முதுகில் அப்படியே.

என்ன விலைக்குத் தருவாய்?

முப்பத்தைந்து, என்றான்,
மற்ற இரண்டையும் உறைக்குள் போட்டபடி.