விலை பேசும்போது சொல்லாதவை

விலை பேசும்போது மறந்துவிட்டேன், போஜன்,
அல்லது மறந்த மாதிரி இருந்தேன்.

கோத்தகிரிக் குளிரில்
காலையில் சோக்கை முழுசாக இழுங்கள்.
மூன்றாவது தடவையும் இருமினால் விட்டுவிடுங்கள்,
ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் தானே கிளம்பும்.
பெட்ரோல் முள்ளை நம்ப வேண்டாம்.
அரை டேங்க் என்று சத்தியம் செய்யும்,
குஞ்சப்பனையில் நிற்கும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுகையில்
பாதி மலையில் மூச்சு முட்டும்.
கோளாறு இல்லை, சூடு.
பானட்டைத் தூக்கி
பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி போட்டு
குரங்குகளை எண்ணிக்கொண்டிருங்கள்.
ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டோடு திறக்காதீர்கள்:
என் வலது மணிக்கட்டைப் பார்த்திருப்பீர்கள்.

இறக்கத்தில் இரண்டாவது கியர்.
நியூட்ரலில் உருட்டி மிச்சம் பிடித்த பெட்ரோலை
பிரேக் லைனிங்கில் வட்டியோடு வாங்கிக்கொள்ளும்.

அப்புறம்,
இடது பின்கதவு உள்ளேயிருந்து திறக்காது.
அது பழுதல்ல, நான் கட்டிய கம்பி.
ஒவ்வொரு கொண்டை ஊசியிலும்
வாந்தியெடுக்கக் கதவைத் திறந்து பாய்வான்
என் மகன் ரூபன்.
இப்போது ஓசூரில் லாரி ஓட்டுகிறான்.

கம்பியை அறுத்துவிடுங்கள்.
பின்சீட்டில் எலுமிச்சை வாசம் மட்டும் போகாது.
அதற்கு வேண்டுமானால்
நூறு ரூபாய் கழித்துக்கொள்ளலாம்.