வாடைக் குறிப்பேடு

எட்டாம் வகுப்பில் மிச்சமான கணக்கு நோட்டில்
நான்கு கட்டம் போட்டேன்:
தேதி, மணி, காற்று, வாடை.

காற்றுக்குக் கருவி இல்லை.
கொடியில் காயும் அப்பாவின் லுங்கி
உப்பனாற்றுப் பக்கம் உப்பினால் மேற்குக் காற்று.
தொழிற்பேட்டை எங்கள் அடுப்படி வரை
வந்தாயிற்று என்று அர்த்தம்.

ஜூலை 16, இரவு 11.20: அழுகிய முட்டை.
ஜூலை 17, விடிகாலை 4.05: நகச்சாயம்
(பெனாசிர் அக்கா கல்யாணத்துக்கு வாங்கினார்களே, அதே).
நவம்பர் 3, மழை விட்டதும்: வேப்பம் புண்ணாக்கு.
அடித்திருக்கிறேன். அதுவும் இல்லை.
பெயர் தெரியவில்லை.

'பெயர் தெரியவில்லை' மட்டும் முப்பத்தேழு தடவை.

விசாரிக்க வந்த அதிகாரி
கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே
நோட்டைப் புரட்டினார்.
"மூக்கு ஒரு கருவி இல்லம்மா" என்றார்.
சரி சார், கருவி எது என்றேன்.
ஜீப் கிளம்பிவிட்டது.

அந்தக் கேள்வியோடுதான் நிற்கிறேன்,
முதுநகர்ப் பள்ளியில், பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு.
வணிகவியல் எடுத்தால் ஒரே பஸ்ஸில் காலேஜ் என்கிறார் அப்பா.
"தையல் குரூப்ல பொண்ணுங்களுக்கு இடம் இருக்கு"
எழுத்தர் எழுதவே ஆரம்பித்துவிட்டார்.

இன்னொன்று. யாரிடமும் சொன்னதில்லை.
சில இரவுகளில் லுங்கி அசையவே இல்லை,
ஆனாலும் வாடை.
காற்று என்ற கட்டத்தில் அன்றைக்கெல்லாம்
'அம்மா' என்று எழுதியிருக்கிறேன்.

பேக்கிங் பிரிவு, ஒப்பந்தக் கூலி, இரண்டாவது ஷிப்ட்.
"எனக்கு ஒண்ணும் தெரியலியேடி" என்பாள்
புடவைத் தலைப்பை முகர்ந்து பார்த்து.

யாரோ விட்டுப்போன பழைய வேதியியல் புத்தகத்தில்
பென்சிலால் கோடிட்ட ஒரு வரி:
சில வாயுக்கள் அளவு மீறினால்
மூக்கே மரத்துப்போகும்.
அன்றிரவு அம்மா தூங்கினாள்.
நான் அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதனால் சார், அதை அடிச்சிடுங்க.
வேதியியல் இருக்கிற குரூப்.
மதிப்பெண்ணைப் பார்த்துட்டுப் பேசுங்க.

"டாக்டராகப் போறியா?"
இல்லை. காற்றை ஒரு பைக்குள் பிடித்துக் கொடுத்தால்
உள்ளே யார் யார் என்று
பிரித்துப் பெயர் சொல்லும் இயந்திரம் இருக்கிறதாம்.
அதன் முன்னால் உட்கார வேண்டும்.
முப்பத்தேழு பேர் பாக்கி.

பின்னால் நின்ற பெனாசிர் முழங்கையைக் கிள்ளினாள்.
அவளுக்குக் கம்ப்யூட்டர் குரூப்.
"உங்கப்பா லுங்கிக்கு ஓய்வு குடு.
திசை பார்க்க நான் ஒண்ணு செஞ்சு தரேன்,
செலவு முந்நூறு ரூபா, பாதி உன்னோடது."

நோட்டு இப்போது ஆறாவது படிக்கும் கீர்த்தனாவிடம்.
நேற்று மூச்சிரைக்க ஓடிவந்தாள்:
"அக்கா, புளிச்ச மாவு மாதிரி!"

மணி என்னடி?

விழித்தாள்.
வந்த வேகத்திலேயே திரும்பி ஓடினாள்,
கடிகாரம் பார்க்க.