மைனஸ் இருபது

இரவு ஒன்பது இருபதுக்குக் கரண்ட் போனது.
மார்கழி மழை. செங்கலடிப் பக்கம்
தென்னை ஒன்று கம்பியில் சாய்ந்ததாம்.
ஜெனரேட்டருக்கு டீசல் கேட்டு நான் எழுதிய கடிதம்
மூன்று மாதமாய் யாரோ ஒருவர் மேசையில்
நல்ல நித்திரை.

டீப் ஃபிரீசரின் திறப்பு என்னிடம்,
வந்தாறுமூலையில் பதினேழு வருடமாய் என்னிடம்தான்.
கதவில் ஒட்டிய அறிவித்தலும் என் கையெழுத்து:
உணவுப் பொருட்கள் வைக்கக் கூடாது.

முதலில் வந்தவள் ரிஃபாயா.
ஏறாவூரிலிருந்து வாப்பாவின் ஓட்டோவில்
முக்காடு நனைந்து, கையில் டோர்ச்.
'அண்ணன், என்ட பக்டீரியா' என்றாள்,
பிள்ளைக்குக் காய்ச்சல் என்பது போல.
எருமைத் தயிரில் நாற்பத்தொரு வகை
பிடித்து அடைத்து வைத்திருக்கிறாள்.
தயிர்க் கடை போட்டு வாப்பா பட்ட கடன்
அவள் ஆய்வேட்டில் எந்த அத்தியாயத்திலும் இல்லை.

மறுகா, விடுதியிலிருந்து லோகேஸ்வரன்,
சட்டையில்லாமல் ஓடி வந்தான்.
பொகவந்தலாவைக் குளிரில் வளர்ந்தவனுக்கு
இது ஒரு மழையா?
இருபது வயதில்தான் முதன்முதல் கடலைக் கண்டவன்,
இப்போது வாவிச் சேற்றில் ஈயம் எண்ணுகிறான்.

சந்துனிக்கு யானை லத்தி, எழுபது பொதி.
உகணையில் அவள் அப்பா
வயலுக்கு வருகிற யானையை வெடி கொளுத்தித் துரத்துவார்.
விடிந்ததும் மகள் கையுறை போட்டுக்கொண்டு
அது என்ன தின்றது என்று கிண்டிப் பார்ப்பாள்.
இருவரும் ஒரே யானையைப் பற்றித்தான்
ஒருவரோடொருவர் கோபம்.

பேராசிரியர் நிமலகாந்தன் சாரத்தோடு வந்தார்.
நுளம்புக்காரர். நோர்வேயில் படித்தவர்.
அங்கே ஃபிரீசர் சூடானால்
அதுவே ஆளுக்குக் கோல் எடுக்குமாம்.
இங்கே ரிஃபாயா எடுத்தாள், எல்லோருக்கும்.

மெர்லின் பார்த்தலோட்டுக்கு
ஃபிரீசருக்குள் ஒரு சொட்டும் இல்லை.
மட்டக்களப்பு டவுனில் பெரியம்மாமார்
பறங்கிப் பாஷையில் ஏசுவதை
ஒலிப்பதிவு செய்து இலக்கணம் எழுதுகிறவள்.
ஆனால் வாழைச்சேனை ஐஸ் கொம்பனிக்காரனின் நம்பர்
அவளிடம்தான் இருந்தது.
நடுச்சாமம், இரட்டை விலை என்றான் அவன்.
ஆய்விலிருந்து ஒரு வசனம் எடுத்துச் சொன்னாள்.
அரை விலைக்கு வந்தது ஐஸ்.

மீன் வாடை அடிக்கும் ஐஸ்.
ரெஜிபோம் பெட்டிகள், டோர்ச் வெளிச்சம், கைக்குக் கை.
தயிரும் சேறும் லத்தியும் நுளம்பும்
ஒரே பெட்டிக்குள் தோளோடு தோள் இடித்துக்கொண்டன.
லேபல்கள் ஈரத்தில் வழுக்கின,
சிங்களத்தில் ஒன்று, தமிழில் ஒன்று,
எழுதியவனுக்கும் விளங்காத எழுத்தில் பல.

அடித்தட்டின் மூலையில்
பேப்பரில் சுற்றிய ஒரு பொதி.
பேராசிரியர் தூக்கிப் பிடித்தார்:
'இது யாருடைய மாதிரி?'

மழை மட்டும் பேசியது.

கிண்ணையடியில் வாங்கிய இறால், ஒரு கிலோ.
ஞாயிற்றுக்கிழமை மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள்.
வீட்டுப் பிரிட்ஜ் பழுது.
சொல்ல வாய் திறந்தேன், கண்ணில்பட்டது
கதவில் என் கையெழுத்து.

'பாவம், லேபல் விழுந்து போயிருக்கு' என்று
ரிஃபாயா புதிதாய் ஒன்று எழுதி ஒட்டினாள். 212.
பதிவேட்டை என்னிடம் நீட்டினார்கள்.
எழுதினேன்.

நாலு பத்துக்குக் கரண்ட் வந்தது.
ஒருவரும் கைதட்டவில்லை. சந்துனி
கதிரையில் இருந்தபடியே தூங்கிவிட்டாள்.
நுளம்புக்காரருக்கு நுளம்பு கடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முட்டைக் குழம்பு.
மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் சொல்லவில்லை,
இரண்டாம் முறை சோறும் கேட்கவில்லை.

இப்போதும் இருக்கிறது அந்தப் பொதி.
வருடா வருடம் புதிதாய் வரும் பிள்ளைகள்
மரியாதையோடு தொட்டு நகர்த்திவிட்டுத்
தங்கள் குப்பிகளை வைக்கிறார்கள்.
பதிவேட்டைப் புரட்டினால் தெரியும்:
இலக்கம் 212. எடுத்த இடம், கிண்ணையடி.
இனம், தெரியவில்லை.
ஆய்வு, நடைபெறுகிறது.