தலைக்கட்டு

ஐந்தே காலுக்கு வேன்.
மதகடியில் ஒரு ஹாரன்தான் அடிப்பான்,
இரண்டாவது ஹாரன் அடுத்த ஊருக்கு.
சோறு வடித்த கையோடு ஓடுவேன்.
என்ன குழம்பு என்று அவர் கேட்பதை விட்டு
மூன்று வருடமாகிறது.
இப்போது அவரே வைக்கிறார்.
புளி தூக்கலாக இருக்கும்.
நான் எதுவும் சொல்வதில்லை.

மன்னார்குடி ரோட்டுக் கம்பெனியில்
நான்காவது லைன்.
நான் இடது கை,
அதாவது சட்டையின் இடது கை.
ஒன்பது வருடமாக வலது கையைத் தொட்டதில்லை.
வலது கை ரஞ்சிதமலர், மேலத்தெரு.
அவள் மாமனார் வயலில்தான்
அம்மா நட்டாள்.
கூலி வாங்கக் கொல்லைப்பக்கம் போய்
முந்தானையை விரித்து நிற்க வேண்டும்.
மரக்கால் தொடாத உயரத்திலிருந்து
நெல் விழும்.

இங்கே இரண்டு பேருக்கும் ஒரே குழாய்.
முதல் மாதம்
அவள் பாட்டிலை அலசி அலசிப் பிடித்தாள்.
நானும் அலசினேன்.
பிறகு யாருக்கும் நேரமில்லை,
மணிக்கு எண்பது கை.

பெருமை பேசவில்லை.
கக்கூசுக்கு லைனுக்கு ஒரு டோக்கன்,
மஞ்சள் பிளாஸ்டிக்.
கழுத்தில் மாட்டிக்கொண்டு போனவள் திரும்பும்வரை
மற்றவர்கள் காலை இறுக்கிக்கொண்டு தைக்க வேண்டும்.
சூப்பர்வைசர் திட்டுவதும் வயற்காட்டுத் திட்டுதான்,
மரியாதைக்குக் கடைசியில் ஒரு ‘மா’ சேர்ப்பான்.
அம்மாவுக்கு இடுப்பு போனது.
எனக்குக் கழுத்து.

பங்குனியில் எங்கள் தெருக் காளிக்கு எடுப்பு.
தலைக்கட்டுக்கு இரண்டாயிரம்.
தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆம்பளை.
அவன் செத்தால் மகன்.
மகனும் இல்லையென்றால்
அந்த வீட்டுக்கு வரி இல்லை,
வாசலில் சாமி நிற்காது.
அப்படி ஏழு வீடு.
ஏழு பேரும் வேனில் வருகிறவர்கள்.
கேரளாவுக்குப் போனவன் திரும்பாத குமுதவல்லி
பட்டன்ஹோல் செக்ஷன்.

போன வருடம் ஜெனரேட்டர், மேளம், வாணம்
எல்லாம் வேன் காசு.
எங்கள் கையில் வாங்கி
ஆம்பளை பேரில் எழுதினார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை சேர்ந்தே போனோம்.
முதலில் குமுதவல்லி
நான்கு ஐந்நூறைக் கணக்கு நோட்டின் மேல் வைத்தாள்.
“எம் பேர எழுதுங்க.”
சாமியப்பன் பேனாவை உதறினார்.
மை இருந்தது. இருந்தும் உதறினார்.
“இதுக்கு நோட்டுல இடமில்லியே” என்றார்.
அவள் நோட்டைத் திருப்பி
ஸ்கேல் இல்லாமல் ஒரு கோடு போட்டாள்,
எட்டு மணி நேரம் நேராகவே போகிற கை.
பின்னால் நின்ற பையன்கள்
போனைப் பார்ப்பதுபோல் நின்றார்கள்.

எழுதினார்.
குமுதவல்லி என்று எழுதிவிட்டு
பழக்கத்தில் க/பெ என்றும் எழுதி
அங்கேயே நிறுத்திவிட்டார்.
“அத அடிச்சிடுங்க.”
அடிக்கவில்லை. நிரப்பவுமில்லை.
ஏழு பேருக்கும் அப்படியே,
க/பெ போட்டு
பக்கத்தில் வெள்ளைத் தாள்.

என் முறை வந்தது.
பணம் என்னுடையது,
ஏழாம் தேதி என் கணக்கில் விழுந்தது.
எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.
நான் அவர் பேரைச் சொன்னேன்.
யாரும் சொல்லச் சொல்லவில்லை.
வாய் தானாகப் போனது,
தேய்ந்த வண்டித்தடத்தில் மாடு போகிற மாதிரி.

வீட்டில் அவர் மத்தி மீன் கழுவிக்கொண்டிருந்தார்.
“யாரு பேருல எழுதுன?”
“உங்க பேருலதான்.”
“ஓ” என்றார்.
சந்தோஷமா வருத்தமா தெரியவில்லை,
செதில் தெறித்துக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை வேனில் இதே பேச்சு.
கோரையாற்றுப் பாலம் ஏறும்போது
குமுதவல்லி சத்தமாகக் கேட்டாள்,
“அந்த க/பெ-க்குப் பக்கத்துல என்னதான்டி எழுதறது?”
ரஞ்சிதமலர் ஜன்னலிலிருந்து திரும்பினாள்.
“எங்க தெருவுல நோட்டையே தொட முடியாது” என்றாள்.
கொஞ்சம் பொறுத்து,
“கம்பெனி பேர எழுதச் சொல்லு.”

டிரைவர் கண்ணாடியைத் திருப்பிப் பார்க்கும் அளவுக்கு
வேனே சிரித்தது.
நான் மட்டும்
பாலம் இறங்கிய பிறகு சிரித்தேன்.