ரசமட்டம்

வால்பரைசோவின் குன்றுகளில்
வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கும்.
நான் விஞ்ச் ஓட்டுகிறவன்.
ஒரு பெட்டி ஏற, ஒரு பெட்டி இறங்கும்.
நடுவழியில் கண நேரம்
இரண்டிலும் இருப்பவர்கள்
முகத்துக்கு முகம் பார்த்துக்கொள்வார்கள்.
நாளைக்கு எழுபது நடை. பதினோரு வருடம்.

என் மகன் அமாரோ அதில் ஏறியதே இல்லை.

நூற்று அறுபத்திரண்டு படி.
பள்ளிக்குப் போக, வர,
சுவரை உரசிக்கொண்டே,
படிக்குப் படி இரண்டு காலையும் சேர்த்து வைத்து.
ஆறு வயது.
உட்கார்ந்த நாற்காலியிலிருந்து சும்மாவே விழுவான்.
சட்டைக் கழுத்தில் தைத்த துணிச்சீட்டு
கடிக்கிறது என்று அழுவான்.
எட்டு எழுதச் சொன்னால்
தாளின் பாதி வரை வந்து பென்சில் நிற்கும்;
மீதியை இடது கைக்கு மாற்றி முடிப்பான்.
சோம்பேறி என்றார் வாத்தியார்.
சொல்லிவிடுகிறேன், நானும் ஒருமுறை.

யாஸ்னாவின் அறையில் மேசை இல்லை.
கூரையில் கொக்கி, கொக்கியில் லாரி டயர்.
தொட்டி நிறையப் பருப்பு,
பருப்புக்கு அடியில் புதைத்த சாவிகள்.
கம்பளியில் தைத்த ஒரு குகை.
"விளையாடவா காசு?" என்றேன்.
என் கையிலிருந்த கிரீஸைப் பார்த்தாள்.
"கொத்தனார் வைக்கிற ரசமட்டம் தெரியுமா?
கண்ணாடிக் குழாய், உள்ளே ஒரு குமிழி.
காதுக்குள்ளும் அப்படி ஒன்று உண்டு.
இவன் குமிழிக்கு நடு எதென்று இன்னும் தெரியவில்லை.
சாய்ந்து, சுற்றி, தலைகீழாகத் தொங்கித்தான் அது கற்கும்.
எழுத்தெல்லாம் பிறகு.
கம்பியைப் பார்க்காமலா பெட்டியை விடுவீர்கள்?"

எனக்குத் தெரிந்த பாஷையில்
முதல்முறையாக ஒருத்தர் பேசினார்.

வீட்டுப் பாடம் இருவருக்கும்.
உருளைக்கிழங்கு மூட்டையைக்
கதவிலிருந்து அடுப்படி வரை தள்ள வேண்டும்.
போர்வைக்குள் வைத்து எம்பனாதா மாதிரிச் சுருட்டி
தோளிலிருந்து பாதம் வரை அழுத்த வேண்டும்.
யார் தொட்டாலும் சுருங்குகிறவன்
அதற்கு மட்டும் "இன்னும், இன்னும்" என்பான்.
வலது முழங்கை இடது முழங்காலைத் தொட வேண்டும்,
அப்புறம் இடது, வலது.
செய்து காட்டப் போனேன்.
அலமாரியோடு சாய்ந்தேன்.
நான்கு தட்டு.
அமாரோ சிரித்தான்.
அத்தனை சத்தத்துக்கும்
காதைப் பொத்தவில்லை, பாருங்கள்.

செப்டம்பரில் கொஞ்சம் தேறினான்.
அக்டோபரில் ஒன்றுமில்லை.
டயரைக் கண்டாலே அழுகை;
ஒரு மணி நேரம் அதன் அடியில் படுத்தே கிடந்தான்.
யாஸ்னாவும் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.
அதற்கும் பணம் கொடுத்தேன்.

நவம்பரில் ஒரு வியாழன்,
மூச்சுப் படிந்த ஜன்னலில்
விரலால் எட்டு போட்டான்.
கை மாறவில்லை.
நான் வாயைத் திறக்கவில்லை.
பாராட்டினால் துடைத்துவிடுவான்.

நேற்றிரவு கடைசி நடை முடிந்து
மின்சாரம் நிறுத்தி, பிரேக் போட்டு,
சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தேன்.
அவன் அம்மாவோடு படியிறங்கி வந்தான்.
பெட்டியின் வாசலில் ஷூவைக் கழற்றினான்.
ஒரு பாதத்தை உள்ளே வைத்து
பலகையை விரல்களால் தடவிப் பார்த்தான்,
பருப்புத் தொட்டியில் சாவி தேடுவதுபோல.
அடுத்த பாதம்.
அப்புறம் குதித்தான்.

பெட்டி கம்பியில் லேசாக அசைந்தது.
மறுபடி குதித்தான்.
பதினோரு வருடத்தில் முதல் தடவை
கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன் நான்.

"போகலாமா?" என்றேன்.
"நாளைக்கு" என்று
ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு
படிகளுக்குப் போனான்.
விளக்கு எட்டுகிற வரைக்கும் பார்த்தேன்.
படிக்கு ஒரு கால்.
படிக்கு ஒரு கால்.
அதற்கு மேல் இருட்டு.